ரேடியேட்டர் சரியாகச் சூடாகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்லரில் சூடான தண்ணீரை பம்ப் தள்ளிவிட, அது குழாய் வழியே அறை அறையாகச் சுற்றி வருகிற அமைப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம். நீராவி ரேடியேட்டருக்கும் எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டருக்கும் கடைசியில் தனிக் கேள்விகள் உண்டு.

முதலில் மூன்று பாகங்களை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டரின் ஒரு முனையில் எண்கள் போட்ட உருண்டைத் தலையோடு இருப்பது தெர்மோஸ்டாட் வால்வு. மறு முனையில் வெறும் பிளாஸ்டிக் மூடியோடு இருப்பது லாக்‌ஷீல்டு வால்வு. எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதை ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, பிறகு தொடாமல் விடும் வால்வு அது. மேல் மூலையில் சதுரத் தலையுள்ள சிறிய திருகு, காற்றுத் திருகு.

எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கையை வையுங்கள். பாய்லரை ஓடவிட்டு அரைமணி நேரம் கழித்து, புறங்கையால் ரேடியேட்டரை நான்கு மூலைகளிலும் கீழ் நடுவிலும் தொட்டுப் பாருங்கள். உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் தொடுங்கள். குழாய் 70 டிகிரி வரை இருக்கலாம், சட்டென்று தொட்டு எடுத்துவிட வேண்டும்.

குளிர் எங்கே இருக்கிறதோ அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். மேலே குளிர், கீழே சூடு என்றால் உள்ளே காற்று. மேல்பக்கமும் இரு ஓரமும் சூடாக இருந்து கீழ் நடுவில் மட்டும் குளிர்ந்தால் கசடு. ஒரே ஒரு ரேடியேட்டர் முழுவதும் குளிர்ந்து கிடந்தால் பெரும்பாலும் அதன் வால்வு. மேல் தளம் முழுக்கக் குளிர் என்றால் பிரஷர் குறைவு. பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை கொதிக்க, தூரத்தில் இருப்பவை வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் பங்கீடு சரியில்லை. எல்லாமே வெதுவெதுப்பு என்றால் பம்பையோ பாய்லரையோ பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் எல்லா ரேடியேட்டரிலும் காற்றுத் திருகைத் திறந்துவிடுவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு.

மேல்பாதி குளிர்ந்திருக்கிறது. காற்றை எப்படி வெளியே விடுவது?

பாய்லரையும் பம்பையும் நிறுத்தி 20 முதல் 30 நிமிடம் ஆறவிடுங்கள். பம்ப் ஓடும்போது காற்றுக் குமிழிகள் தண்ணீரோடு சேர்ந்து அலைந்துகொண்டிருக்கும், மேலே வந்து தங்காது. சில அமைப்புகளில் பம்ப் ஓடும்போது திருகைத் திறந்தால், வெளிக்காற்றையே அது உள்ளே இழுத்துவிடும்.

காற்றுத் திருகுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. சதுரத் துளையுள்ள சாவி பொருந்தும். புதிய மாடல்கள் சிலவற்றில் தட்டை ஸ்குரூடிரைவர் போதும். கீழே ஒரு கிண்ணம், சுற்றிலும் ஒரு துணி. சாவியை இடப்பக்கமாகக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று திருப்புங்கள். ‘உஸ்’ என்று காற்று வரும். பிறகு சத்தம் தடுமாறும். காற்றும் தண்ணீரும் விட்டுவிட்டுத் துப்பும். தண்ணீர் தடையில்லாமல் கோடாக வந்ததும் மூடிவிடுங்கள். மூடும்போது இறுக்கி முறுக்காதீர்கள், பித்தளை மரை எளிதில் தேய்ந்துவிடும். திருகை முழுதாகக் கழற்றவும் கூடாது. தண்ணீர் பீய்ச்சும்போது அந்தச் சிறு திருகைத் திரும்ப மாட்டுவது பெரும்பாடு.

கீழ்த் தளத்தில் தொடங்கி மேல் தளத்தில் முடியுங்கள். வேலை முடிந்ததும் பிரஷர் மானியைப் பார்க்க மறக்கக் கூடாது. காற்று போன இடத்தை நிரப்பப் போதிய தண்ணீர் இல்லாவிட்டால், காற்று விட்ட பிறகு பாய்லரே ஓட மறுக்கும்.

திருகைத் திறந்தால் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். திருகின் நுனித் துளையைப் பெயின்டோ துருவோ அடைத்திருக்கும். பிரஷரை இறக்கிவிட்டு மெல்லிய ஊசியால் குத்திப் பாருங்கள். அல்லது அமைப்பில் பிரஷரே இல்லை. அப்படியானால் திருகை உடனே மூடிவிட்டு மானியைப் பாருங்கள்.

பிரஷர் எவ்வளவு இருக்க வேண்டும்? ஏன்?

மூடிய அமைப்பில், எல்லாம் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). சூடானதும் கொஞ்சம் ஏறும், 2 பாரை ஒட்டிப் போனாலும் கவலையில்லை. பாதுகாப்பு வால்வு பொதுவாக 3 பாரில் திறந்துகொள்ளும்.

தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த ஏறத்தாழ 1 பார் வேண்டும். மானிக்கு 6 மீட்டர் மேலே ஒரு ரேடியேட்டர் இருந்தால், அங்கே தண்ணீர் எட்டுவதற்கே 0.6 பார் போய்விடும். மானி 0.3 காட்டும் வீட்டில் கீழ்த் தளம் சூடாகி மேல் தளம் மட்டும் குளிர்ந்து கிடப்பது இதனால்தான். நிரப்பு குழாயின் வால்வை மெதுவாகத் திறந்து, முள் 1.2 அருகே வந்ததும் மூடுங்கள். அந்த வால்வைச் சரியாக மூடாமல் விட்டால் பிரஷர் தானாக ஏறிக்கொண்டே போகும்.

ஆறியபோது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, சூடானதும் 3 பாருக்குத் தாவுகிறதா? எக்ஸ்பான்ஷன் டேங்க் பழுது. தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 3 விழுக்காடு விரிகிறது. 100 லிட்டர் உள்ள அமைப்பில் அது 3 லிட்டர். அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுப்பது டேங்கில் ரப்பர் சவ்வுக்குப் பின்னால் இருக்கும் காற்று. காற்று இறங்கிவிட்டாலோ சவ்வு கிழிந்துவிட்டாலோ, விரிந்த தண்ணீர் பாதுகாப்பு வால்வு வழியே வெளியேறும். ஆறியதும் அந்த அளவு குறையும். தினமும் தண்ணீர் சேர்ப்பது இதற்குத் தீர்வாகாது.

வாரத்துக்கு ஒருமுறை காற்று விட வேண்டியிருக்கிறது. இது சகஜமா?

இல்லை. நன்றாக உள்ள அமைப்பில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை விட்டாலே அதிகம். காற்றை விட்டுவிட்டு அதோடு விட்டுவிடாமல், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

பிரஷரும் சேர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு. வால்வு நட்டுகளையும் ரேடியேட்டரின் அடி விளிம்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். சூடான ஜாயின்டில் கசியும் சொட்டு உடனே ஆவியாகிவிடும், ஈரம் கண்ணுக்குத் தெரியாது. பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிவு மட்டும் மிஞ்சும். அந்தப் படிவைத் தேடுங்கள்.

பிரஷர் இறங்காமலே காற்று சேர்கிறது என்றால் அது பெரும்பாலும் காற்றே இல்லை, ஹைட்ரஜன். உள்ளே இரும்பு அரிக்கப்படும்போது உண்டாகும் வாயு. அது தீப்பற்றக்கூடியது. திருகைத் திறக்கும்போது பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட், எரியும் அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

புதுத் தண்ணீர்தான் இந்த அமைப்புக்கு எதிரி. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அதில் கரைந்த ஆக்சிஜன் உள்ளே போகிறது. அது இரும்பைத் தின்று தீர்ந்ததும் அரிப்பு அடங்கும். நீங்கள் மறுபடி நிரப்பினால் மறுபடி தொடங்கும். உள்ளேயே சுற்றும் பழைய தண்ணீர் கறுப்பாக இருந்தாலும், அடிக்கடி மாற்றும் தெளிந்த தண்ணீரைவிட அதுவே நல்லது.

கீழ் நடுவில் குளிர்ந்திருக்கிறது. கழுவித்தான் ஆக வேண்டுமா?

அங்கே படிந்திருப்பது மேக்னடைட் என்னும் கறுப்புத் துரு. மாவு போல நைசானது, தண்ணீரைவிடக் கனமானது, ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் தங்கிவிடும். உறுதிப்படுத்திக்கொள்ள, காற்றுத் திருகு வழியே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, பாட்டிலின் வெளிப்புறம் காந்தத்தை வையுங்கள். கறுப்புத் தூள் காந்தத்தை நோக்கி ஊர்ந்து வந்து ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் கறுப்பாக இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தால் இன்னும் ஆக்சிஜன் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது; முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்.

ஒரே ஒரு ரேடியேட்டரில்தான் கசடு என்றால் கழற்றிக் கழுவலாம். இரண்டு பேர் வேண்டும். 60 செ.மீ. உயரம், 1 மீட்டர் நீளமுள்ள இரட்டைத் தகடு ரேடியேட்டர், தண்ணீர் இல்லாமலே 30 கிலோ தாண்டும்.

1. பாய்லரை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய துணிகளும் போடுங்கள். அந்தக் கறுப்பு நீர் கம்பளத்தில் பட்டால் கறை போகாது.
2. தெர்மோஸ்டாட் வால்வைச் சுழியத்தில் வைப்பது மட்டும் போதாது. அறை 6, 7 டிகிரிக்கு இறங்கினால் உறைபனிக் காப்புக்காக அது தானே திறந்துகொள்ளும். தலையைக் கழற்றி, வால்வோடு வந்த அடைப்பு மூடியைத் திருகி இறுக்குங்கள்.
3. லாக்‌ஷீல்டு வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒன்றேகால் சுற்று என்றால் திரும்பத் திறக்கும்போதும் அதே ஒன்றேகால்.
4. வால்வின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் இணைப்பு நட்டைத் தளர்த்துங்கள். பிடிக்காமல் திருகினால் குழாயே முறுக்கிக்கொள்ளும். கீழே தட்டு வைத்து, காற்றுத் திருகைத் திறந்தால் தண்ணீர் இறங்கும்.
5. இரு முனைகளையும் துணியால் அடைத்துத் தூக்குங்கள். வெளியே கொண்டுபோய், ஒரு முனையில் ஹோஸ் வைத்து, மறு முனையில் தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். ரப்பர் சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே, தலைகீழாகவும் திருப்பிக் கழுவ வேண்டும்.
6. மாட்டி, எழுதிவைத்த சுற்று அளவுக்குத் திறந்து, காற்று விட்டு, பிரஷரைச் சரிசெய்யுங்கள். வெளியே விட்ட தண்ணீரோடு துருத் தடுப்பு மருந்தும் போயிருக்கும், அதையும் ஈடுகட்டுங்கள். பொதுவாக 100 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கு, ஆனால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவே முடிவு.

பல ரேடியேட்டர்களில் இதே நிலை என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றுவது வீண் உழைப்பு. சுத்திகரிப்பு மருந்து ஊற்றி ஓடவிட்டு, அமைப்பு முழுவதையும் இயந்திரத்தால் அலசி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி போடச் சொல்லுங்கள். அந்த வடிகட்டியைப் பொருத்திய ஒரு மாதத்தில் ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் திறந்து துடைக்க வேண்டும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது.

கோடை முழுக்க மூடிக் கிடந்த தெர்மோஸ்டாட் வால்வில் ஊசி ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணம். தலையைப் பெரிய எண்ணுக்குத் திருப்புங்கள், அப்போதுதான் உள்ளே அழுத்தம் தளரும். பிறகு வளைய நட்டை இடப்பக்கமாகத் திருகித் தலையை எடுங்கள். நடுவில் தீக்குச்சித் தடிமனில் ஓர் ஊசி தெரியும். அதை ஒரு ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அழுத்திப் பாருங்கள். 2, 3 மி.மீ. உள்ளே போய், விட்டதும் தானே எழும்பி வர வேண்டும்.

எழும்பவில்லையா? வால்வின் பக்கவாட்டில் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். ஊசியின் அடியில் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள். சாதாரண எண்ணெய் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை ஊதவைத்துவிடும். அழுத்தி அழுத்தி விட, முதலில் மணல் அரைபடுவது போல ஒரு சொரசொரப்பு கையில் தெரியும், பிறகு வழுக்கிக்கொண்டு வரும். இருபது முப்பது முறை செய்யுங்கள். இடுக்கியால் பிடித்து மேலே இழுக்க மட்டும் வேண்டாம். சில வால்வுகளில் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே சூடான தண்ணீர் பீறிடும்.

தலை இல்லாதபோது வால்வு முழுதாகத் திறந்திருக்கும். அந்த நிலையில் ரேடியேட்டர் சூடாகி, தலையை மாட்டியதும் குளிர்ந்தால் தலை கெட்டிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். தண்ணீரை இறக்க வேண்டியதில்லை. அடுத்த கோடையில் எல்லாத் தலைகளையும் பெரிய எண்ணில் திறந்து விட்டுவைத்தால் ஊசி ஒட்டாது.

ஊசி நன்றாக அசைகிறது. இருந்தும் சூடு வரவில்லையே?

லாக்‌ஷீல்டு வால்வைப் பாருங்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது மூடியவர் திறக்க மறந்திருப்பார். அது திறந்திருந்தால், மற்ற ரேடியேட்டர்களில் பெரும்பாலானவற்றைத் தற்காலிகமாக மூடி, தண்ணீர் முழுவதையும் இதன் பக்கம் தள்ளிப் பாருங்கள். பாய்லருக்குத் தண்ணீர் ஓட வழி வேண்டும் என்பதால் இன்னும் ஒன்று திறந்தே இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடு ஏறினால், இடையில் சிக்கிய காற்றோ லேசான கசடோ நகர்ந்துவிட்டது.

அப்படியும் வராவிட்டால் குழாயைத் தொட்டுக்கொண்டே போங்கள். வால்வு வரை சூடு, அதற்கப்பால் குளிர் என்றால் வால்வில் அடைப்பு. தரையிலிருந்து வரும்போதே குளிர் என்றால் குழாயில் அடைப்பு. 8, 10 மி.மீ. மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் இது அதிகம்.

எண் 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகுமா?

ஆகாது. அந்த எண் அறை எவ்வளவு சூடானதும் வால்வு மூட வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 3-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் குளிர்ந்த அறையில் வால்வு முழுதாகத்தான் திறந்திருக்கும்.

தலையைத் திரைச்சீலையோ சோபாவோ மூடியிருந்தால், அங்கே தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று நினைத்து அது முன்கூட்டியே மூடிவிடும். சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் ரேடியேட்டர் வால்வை முழுதாகத் திறந்தே வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் வீடு முழுவதும் சீராகச் சூடாகாது.

பாய்லர் அருகில் கொதிக்கிறது, கடைசி அறையில் வெதுவெதுப்புதான்.

தண்ணீர் எளிதான வழியையே தேடும். அருகில் உள்ளவை தேவைக்கு மேல் குடித்துவிட்டு, தூரத்துக்கு மிச்சம் வைப்பதில்லை. அருகில் உள்ளவற்றை நெருக்கினால்தான் தூரத்துக்குப் போகும்.

எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்து, ஆறிய நிலையிலிருந்து பாய்லரை ஓட்டி, எந்த ரேடியேட்டர் எந்த வரிசையில் சூடாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சூடானதன் லாக்‌ஷீல்டை முழுக்க மூடி, கால் சுற்று திறங்கள். குழாயில் மாட்டும் தெர்மாமீட்டர் இரண்டை வாங்கி, வரும் குழாயிலும் போகும் குழாயிலும் வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். பழைய பாய்லர் என்றால் வித்தியாசம் 10 முதல் 12 டிகிரி வரட்டும். கண்டென்சிங் பாய்லரில் (புகையோடு போகும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை) 15 முதல் 20 டிகிரி வரை போகலாம். வித்தியாசம் அதிகமென்றால் கொஞ்சம் திறங்கள், குறைவென்றால் கொஞ்சம் மூடுங்கள். அடுத்தடுத்துப் போய், கடைசி ரேடியேட்டரை முழுதாகத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

லாக்‌ஷீல்டில் முதல் ஒரு சுற்றுக்குள்தான் ஓட்டம் பெரிதாக மாறும். ஆகவே எட்டில் ஒரு சுற்றாக நகர்த்துங்கள். அரை நாள் வேலை, ஆனால் ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பல வருடம் நிற்கும்.

ஒரே குழாயில் வரிசையாகக் கோத்த பழைய அமைப்பில் கடைசி ரேடியேட்டர் கொஞ்சம் ஆறித்தான் இருக்கும். அது பழுதல்ல.

எல்லா ரேடியேட்டரும் வெதுவெதுப்பாகவே இருக்கின்றன.

பாய்லரிலிருந்து கிளம்பும் குழாய் தொட முடியாத சூடு, ஒரு மீட்டர் தள்ளி ஆறிவிடுகிறது, பாய்லர் அடிக்கடி எரிந்து அணைகிறது என்றால் தண்ணீர் சுற்றவில்லை. பம்பைத் தொடுங்கள். ஓடும் பம்பில் மெல்லிய அதிர்வு இருக்கும். நீண்ட நாள் நின்ற பழைய பம்பில் அச்சு இறுகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, முகப்பில் இருக்கும் பெரிய திருகை எடுத்து, உள்ளே தெரியும் அச்சின் பள்ளத்தில் ஸ்குரூடிரைவர் வைத்துச் சுற்றிவிட்டால் பல நேரம் ஓடத் தொடங்கும். அந்தத் திருகை எடுக்கும்போது சிறிது தண்ணீர் வரும்.

பம்ப் ஓடுகிறது என்றால் பாய்லரில் வைத்திருக்கும் தண்ணீர் வெப்பத்தைப் பாருங்கள். ரேடியேட்டரின் திறனை, தண்ணீர் அறையைவிடச் சராசரியாக 50 டிகிரி கூடுதலாக இருக்கும் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்த வித்தியாசம் 30 டிகிரியாகக் குறைந்தால், வரும் வெப்பம் ஏறக்குறைய பாதி. ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின் கருவி) உள்ள வீட்டில் தண்ணீர் 35 முதல் 50 டிகிரிக்குள் ஓடுவதால் ரேடியேட்டர் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கே கையை நம்பாமல் அறைத் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அறை வேண்டிய வெப்பத்தில் இருந்தால் குறை ஒன்றுமில்லை.

ரேடியேட்டர் நன்றாகச் சூடாகிறது, அறைதான் சூடாகவில்லை.

காற்று கீழிருந்து நுழைந்து மேலே போக வழி இருக்கிறதா? மரப்பெட்டி போட்டு மூடியிருந்தால், மேலே துணி காயப்போட்டிருந்தால், தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்திருந்தால் சூடு அங்கேயே நிற்கும். நீண்ட பிரஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தள்ளுங்கள். வெளிச்சுவரில் மாட்டியது என்றால் பின்னால் மினுங்கும் காப்புத் தாள் ஒட்டலாம். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், அந்த அறைக்கு அந்த ரேடியேட்டர் சிறியது.

சத்தம் போடுகிறது. எதைக் குறிக்கிறது?

குளுகுளு என்றால் காற்று. சூடேறும்போதும் ஆறும்போதும் டிக் டிக் என்றால் குழாய் விரிந்து சுருங்கி மரத்தில் உரசுகிறது. வால்வு மூடும் நேரத்தில் தடதடவென்று அடித்தால், ஒரே திசை ஓட்டத்துக்கான தெர்மோஸ்டாட் வால்வைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அதன் உடலில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள்.

நீராவி ரேடியேட்டருக்கும் இவை பொருந்துமா?

பொருந்தாது. ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டரில் அதே குழாயில் நீராவி ஏறும், குளிர்ந்த நீர் இறங்கும். வால்வை முழுதாகத் திறக்க வேண்டும் அல்லது முழுதாக மூட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நீர் இறங்க வழியின்றித் தேங்கி, நீராவியோடு மோதி சுத்தியலால் அடிப்பது போல அதிரும். ரேடியேட்டர் வால்வுப் பக்கமாகச் சற்றே சரிந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மறுமுனைக் கால்களுக்கு அடியில் மெல்லிய கட்டை வைத்தால் போதும். வால்வு திறந்தும் சூடாகாவிட்டால், மறுமுனையில் இருக்கும் காற்றுப் போக்கி அடைத்திருக்கும். ஆறவிட்டு அதை மாற்றுங்கள்.

எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் அரைகுறையாகச் சூடாகிறது.

இரண்டு சுவிட்ச் உள்ளதில் ஒரு ஹீட்டர் போயிருந்தால் பாதிச் சூடுதான் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். படுக்கவைத்து எடுத்து வந்திருந்தால், நிமிர்த்தி ஒரு மணி நேரமாவது வைத்து எண்ணெய் அடங்கிய பிறகு போடுங்கள். எண்ணெய் கசிந்தால் நிரப்ப முயலாமல் ஒதுக்கிவிடுங்கள், அது அடைத்து மூடப்பட்ட பொருள்.

எதில் கை வைக்கக் கூடாது?

எரிவாயு பாய்லரின் மூடிக்குள் இருக்கும் எதிலும். பாதுகாப்பு வால்வு சொட்டினால் அதன் வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள், அழுத்தம் போக இருக்கும் கடைசி வழி அது. கட்டடம் முழுவதற்கும் பொதுவான பாய்லர் என்றால், காற்று விடுவதற்கு முன்பே பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். அங்கே பிரஷர் தனி வீட்டைவிட அதிகமாக இருக்கலாம், நீங்கள் வெளியே விடும் தண்ணீரைத் திரும்ப நிரப்பும் வால்வும் உங்கள் வீட்டில் இருக்காது. உரிமம் பெற்ற தொழிலாளரை அழைக்கும்போது எந்த ரேடியேட்டரில் எந்த இடம் குளிர்ந்தது, ஆறியபோதும் சூடானபோதும் பிரஷர் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.